இருமல் மருந்தும் என் அவசர புத்தியும்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதினா என் முட்டாள்தனம் ஊருக்கே தெரியும். எழுதலைன்னா வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு போன்ல வைத்தியம் பார்க்கிற இன்னொரு மகனோ மகளோ இதையே செய்யலாம். மானம் போனாப் போகட்டும்னு ஆரம்பிச்சுட்டேன்.

அப்பா பெங்களூர்ல, ஜோகுபாளையத்துல இருக்கார். அல்சூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஏரியும் சோமேஸ்வரர் கோவிலும் மார்க்கெட்டுமா தமிழ்ச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கிற ஏரியா. தாத்தா காலத்துல வட ஆற்காட்டுப் பக்கம் இருந்து வந்து சேர்ந்த குடும்பம் எங்களோடது. வீட்டுக்குள்ள தமிழ், வாசப்படி தாண்டினா கன்னடம். அப்பா ஐ.டி.ஐ. பாக்டரியில 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எட்டு வருஷத்துக்கு முன்னாடி வலது கை நடுங்க ஆரம்பிச்சுது. பார்கின்சன்ஸ்னு சொன்னாங்க. நடுக்கம்கூட பழகிப் போச்சு. ஆனா 2025 ஆரம்பத்துல அம்மா ஒரு நாள் போன்ல குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு அவரோட டோக்கன் நம்பர் மறந்து போச்சுடா"ன்னாங்க. பாக்டரியில வேலை பார்த்தவங்க வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். பேரைக் கேட்டா பேரோட சேர்த்து டோக்கன் நம்பரையும் சொல்ற மனுஷன் அவர்.

நான் இருக்கிறது கனடாவுல, மிசிசாகாவுல. ஜூலை மாசம் செய்தியில பார்த்தேன்: பார்கின்சன்ஸ் நோயால வர்ற மறதியை ஒரு சாதாரண இருமல் மருந்து மெதுவாக்கலாமாம். ஆய்வு நடந்தது லண்டன்ல. இங்கிலாந்து லண்டன் இல்லீங்க, எங்க ஒன்டாரியோ லண்டன். 401-ல வண்டியை விட்டா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. மருந்தோட பேரு அம்ப்ராக்சால்.

வேடிக்கை என்னன்னா, ஆய்வு நடந்த கனடாவுல இந்த மருந்து கடையில கிடைக்காது. இங்கேயும் சரி, அமெரிக்காவுலயும் சரி, எந்த நோய்க்கும் அதுக்கு அனுமதி கிடையாது. ஜோகுபாளையத்துலயோ எங்க தெருமுனை மெடிக்கல்ல, காலிங் பெல் பேட்டரி கேட்டா எடுத்துத் தர்ற மாதிரி எடுத்துத் தருவாங்க. எனக்கு அப்போ ஏதோ புதையல் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே தம்பிக்குப் போன். "அம்ப்ராக்சால் போட்ட சிரப் எதுவா இருந்தாலும் வாங்கு, அப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன், நாலு வேளை." நான் யாரு? சாப்ட்வேர்ல குப்பை கொட்றவன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணவே இல்ல.

மூணாவது நாள் அம்மா அழுதாங்க. அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு படபடக்குது, டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை ஆடுதுன்னு. தம்பி பாட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதுக்கப்புறம்தான் நான் லேபிளைப் படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கணும்.

நம்ம ஊர் இருமல் சிரப்புல அம்ப்ராக்சால் தனியா வர்றது குறைவு. பெரும்பாலும் கூட்டுக் குடும்பம்தான். அந்தப் பாட்டில்ல 5 மில்லிக்கு அம்ப்ராக்சால் 15 மில்லிகிராம், கூடவே டெர்புடலின் 1.25 மில்லிகிராம், அப்புறம் குவைபெனிசின், மென்தால். டெர்புடலின் மூச்சுக்குழலை விரிக்கிற மருந்து. அதோட தெரிஞ்ச பக்கவிளைவே கை நடுக்கமும் படபடப்பும்தான். நடுங்கற மனுஷனுக்கு நடுங்க வைக்கிற மருந்தை நானே ஊத்திக் குடுக்கச் சொல்லியிருக்கேன்!

கணக்கையும் பாருங்க. ஆய்வுல கொடுத்த பெரிய டோஸ் ஒரு நாளைக்கு 1050 மில்லிகிராம். சளிக்குப் பெரியவங்க சாப்பிடறது சாதாரணமா 90 மில்லிகிராம். அப்பா குடிச்ச 40 மில்லியில இருந்தது 120, ஆய்வு அளவுல ஏறக்குறைய ஒன்பதில ஒரு பங்கு. 1050-ஐ அந்த சிரப்பால எட்டணும்னா தினமும் 350 மில்லி குடிக்கணும். சிரப் குடிச்சே பலகாரத்துக்கு இடம் இருக்காது. டெர்புடலின் 87 மில்லிகிராமுக்கு மேல உள்ள போயிருக்கும், பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 15. மாத்திரையா எடுத்தா 30 மில்லிகிராம் மாத்திரை முப்பத்தஞ்சு. 2025 அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப் குடிச்ச குழந்தைங்க இறந்ததையும், அந்த சிரப்புல டைஎத்திலீன் கிளைகால் கண்டுபிடிச்சதையும் படிச்சப்போ, ஒரு பாட்டில் சிரப்பை லேசா நினைச்ச என் தைரியத்தை நினைச்சு உடம்பு கூசிச்சு.

சரி, அந்த ஆய்வு உண்மையில என்னதான் சொல்லுது? செய்தியை மட்டும் படிச்ச நான் ஒரு மாசம் கழிச்சுத்தான் அதையும் தேடிப் படிச்சேன். டாக்டர் ஸ்டீபன் பாஸ்டெர்னாக் குழு நடத்தினது. பார்கின்சன்ஸோட டிமென்ஷியாவும் வந்த 55 பேர், ஒரு வருஷம். மருந்து பாதுகாப்பா இருந்துச்சு, வயித்துத் தொந்தரவு மட்டும் கொஞ்சம் கூட. ஆனா முக்கியமா எதை அளக்கப் போறோம்னு முன்னாடியே எழுதி வெச்சாங்களோ, அந்த ஞாபக சக்தித் தேர்வுல மருந்து சாப்பிட்டவங்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் நிரூபணம் ஆகலை. இதைத் தலைப்புல யாரும் போடலை!

அதுக்காக சப்பைன்னு தள்ளிடவும் முடியாது. வெற்று மாத்திரை குழுவுல மனக்குழப்பம், எரிச்சல், இல்லாததைப் பார்க்கிறது மாதிரி தொல்லைகள் கூடிச்சு, மருந்துக் குழுவுல கூடலை. மூளை செல் பாதிப்பைக் காட்டற ஒரு புரதம் ரத்தத்துல ஒரு பக்கம் ஏறிச்சு, மறுபக்கம் அப்படியே நின்னுச்சு. ஜி.பி.ஏ.1-னு ஒரு மரபணுவுல கோளாறு இருக்கிற கொஞ்ச பேருக்கு ஞாபகம்கூட முன்னேறின அறிகுறி தெரிஞ்சுது. கொஞ்ச பேர்தான், அதை வெச்சு முடிவு கட்ட முடியாது.

ஏன் ஒரு சளி மருந்து மூளைக்குன்னு கேட்கிறீங்களா? செல்லுக்குள்ள லைசோசோம்னு ஒரு குப்பைத் தொட்டி இருக்கு. அங்க வேலை பார்க்கிற ஒரு என்சைமை உருவாக்கறது இந்த ஜி.பி.ஏ.1. அது சுணங்கினா குப்பை தேங்கும், ஆல்பா சைனுக்ளின்னு ஒரு புரதம் கட்டி கட்டியா சேரும். பார்கின்சன்ஸ் மூளையில நடக்கிறது இதுதான். கட்டி மூளையோட மேல்புறத்துக்கும் பரவும்போது யோசனையும் ஞாபகமும் அடிவாங்குது. அம்ப்ராக்சால் அந்த என்சைமைச் சரியா மடிச்சு, தொட்டி வரைக்கும் கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகுதுன்னு சொல்றாங்க. குப்பை வண்டி ரெண்டு நாள் வரலைன்னா அல்சூர் மார்க்கெட் என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

2020-ல பெரிய லண்டன்லயும் ஒரு சின்ன ஆய்வு வந்துச்சு. 17 பேருக்கு தினம் 1260 மில்லிகிராம் கொடுத்து, மருந்து மூளைத் தண்டுவட நீர் வரைக்கும் போய்ச் சேருதுன்னு காட்டினாங்க. இப்போ அங்கேயே 330 பேரை வெச்சு ரெண்டு வருஷ ஆய்வுக்கு 2025-ல ஆள் சேர்க்க ஆரம்பிச்சிருக்காங்க. அதுவும் முழுக்க ஞாபக சக்திக்கான ஆய்வு இல்ல, நோயோட மொத்த வேகத்தையும் பார்க்கிறது.

இன்னொரு சமாச்சாரம். அம்ப்ராக்சாலோட பூர்வீகம் எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம ஆடாதோடை! அந்த இலையில இருக்கிற வாசிசின்ல இருந்து புரோம்ஹெக்சின்னு ஒரு மருந்து செஞ்சாங்க, அது உடம்புல மாறி வர்றதுதான் அம்ப்ராக்சால். எங்க பாட்டி இருமினா ஆடாதோடைக் கஷாயம்தான் கொடுப்பாங்க, கசப்புல நாக்கே விழுந்துடும். இதைச் சொன்னதும் உங்க மாமா ஒருத்தர் வாட்ஸ்அப்புல "பார்கின்சன்ஸுக்கு ஆடாதோடை"ன்னு அனுப்பப் போறார். தயவு செஞ்சு வேண்டாம். பேத்தி டாக்டர்ங்கிறதுக்காக பாட்டிகிட்ட ஆபரேஷன் செஞ்சுக்க முடியுமா?

பழைய மருந்துக்குப் புது வேலை கொடுக்கிறதை நான் எதிர்க்கவே இல்ல. பார்கின்சன்ஸ் கதையே அப்படித்தான் ஓடியிருக்கு. 1968-ல ஒரு அம்மா ப்ளூ காய்ச்சல் வராம இருக்க அமான்டடின் சாப்பிட்டப்போ, அவங்க விறைப்பும் நடுக்கமும் குறைஞ்சதை அவங்களே கவனிச்சு பாஸ்டன் டாக்டர்கிட்ட சொன்னாங்க. இன்னிக்கும் அது பார்கின்சன்ஸ் மருந்து. அல்சைமருக்கு வந்த ரிவாஸ்டிக்மின் 2004-ல 541 பேர் ஆய்வுல பார்கின்சன்ஸ் டிமென்ஷியாவுக்கும் ஓரளவு கை கொடுக்குதுன்னு தெரிஞ்சுது, 2006-ல அமெரிக்காவுல அனுமதியும் ஆச்சு. நோயை நிறுத்தாது. ஆனா அன்றாடத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்.

ஆனா தோத்த குதிரைங்களையும் எண்ணணுமில்லையா. பிளட் பிரஷர் மாத்திரை இஸ்ராடிபின், 336 பேர், மூணு வருஷம், 2020-ல பலனில்லைன்னு முடிஞ்சுது. கொலஸ்ட்ரால் மாத்திரை சிம்வாஸ்டாடின் 2022-ல. சுகர் ஊசி எக்செனடைட் முதல்ல பெரிய நம்பிக்கை கொடுத்துச்சு, 194 பேர் ஆய்வுல 2025-ல ஒண்ணும் இல்லைன்னு ஆச்சு. இது ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி என்னை மாதிரி எத்தனை பேர் ஊருக்குப் போன் போட்டிருப்பாங்களோ.

சரி, அப்பா கதைக்கு வர்றேன். சிரப்பை நிறுத்தினதும் படபடப்பு அடங்கிடுச்சு. தம்பி அவரை வேற ஒரு நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனான். அந்தம்மா முதல் கேள்வியே, "வீட்ல இருக்கிற எல்லா மருந்தும் கொண்டு வந்தீங்களா?" அம்மா ஜவுளிக்கடைப் பையைத் திறந்து மேஜையில கொட்டியிருக்காங்க. பத்தொன்பது ஸ்ட்ரிப். டாக்டர் ஒண்ணொண்ணாப் பார்த்து மூணைத் தனியா ஒதுக்கினாங்களாம்.

ஒண்ணு, ட்ரைஹெக்சிபெனிடில். பாசிடேன்னு சொன்னா நிறைய வீட்ல தெரியும். நடுக்கத்துக்கு ஆரம்பத்துல எழுதின பழைய மருந்து, விலை குறைவு. மூளையில ஞாபகத்துக்கு வேணுங்கிற அசிட்டைல்கோலின் வேலையை அது தடுக்கும். பார்கின்சன்ஸ் மூளையில அந்த அசிட்டைல்கோலினே ஏற்கனவே வத்திப் போயிருக்கும். வயசானவங்களுக்கு மறதியும் குழப்பமும் கூடும்னு டாக்டர்களுக்கே ரொம்ப காலமாத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதின சீட்டை மெடிக்கல்ல நீட்டி நீட்டி, வேற யாரும் கேட்காமலே ஓடிக்கிட்டிருந்திருக்கு. ரெண்டாவது, தலைசுத்தலுக்கு எப்பவோ கொடுத்த சின்னரிசின். அது பார்கின்சன்ஸ் அறிகுறியையே கூட்டக் கூடியது. மூணாவது, தூக்கம் வர்ற சளி மாத்திரை, குளோர்பெனிரமின். அதுவும் முதல் மாத்திரையோட பங்காளிதான்.

பழைய மருந்தைக் கூட்டி அப்பாவோட ஞாபகத்தைக் காப்பாத்தலாம்னு நான் பூகோளத்தோட இந்தப் பக்கம் துடிச்சுக்கிட்டிருந்தேன். அங்க பழைய மருந்துதான் அவர் ஞாபகத்தைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்குக் கையில இருக்கிற வழியில, பார்கின்சன்ஸ்காரங்க யோசனையைக் காப்பாத்த முதல்ல செய்ய வேண்டியது பையைக் கொட்டிப் பார்க்கிறது. புதுசா ஒண்ணைச் சேர்க்கிறது அப்புறம்தான். (நீங்களா எதையும் சட்டுனு நிறுத்திடாதீங்க. பாசிடேனைத் திடீர்னு விட்டா உடம்பு முறுக்கிக்கும். அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா, பல வாரம் எடுத்துத்தான் குறைச்சாங்க. அதுக்கப்புறம் ரிவாஸ்டிக்மின்.)

அப்பா பழையபடி ஆயிட்டார்னு பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலமானா இன்னும் குழம்பறார். ஆனா தீபாவளிக்கு வீடியோவுல பேரனைப் பார்த்ததும் பேரைச் சொல்லி, அவன் ஸ்கூல் பஸ் நிறத்தைக் கேட்டு, தன்னோட டோக்கன் நம்பரையும் சொன்னார். நான் எழுந்து போய் அடுப்பங்கரைக் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். முதல்ல போன இடத்துல ஞாபகப் பரிசோதனையைக் கன்னடத்துல வெச்சாங்க. நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னா, தொண்ணூத்தி மூணோட நின்னுட்டாராம். அப்பாவுக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு, ஆனா கணக்கு ஓடறது தமிழ்ல. புது டாக்டர் தமிழ்லயே கேட்டாங்க, நாலு படி இறங்கினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனைத் தொகுப்பு செஞ்சாங்க, நல்ல காரியம். முதல்ல வந்தப்போ இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம்னு அஞ்சு மொழி. தமிழ் இல்ல. மோகான்னு உலகம் முழுக்க ஓடற சின்னப் பரிசோதனைக்குத் தமிழ் வடிவம் இருக்கு, கேட்டு வாங்கலாம். டொரண்டோவுல, லண்டன்ல, சிட்னியில அம்மா அப்பாவைக் கூட வெச்சிருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். இங்கிலீஷ்ல தடுமாறினதை மறதின்னு எழுதிடப் போறாங்க.

ஆய்வுக்கும் இதே கதைதான். அம்ப்ராக்சால் காப்புரிமை முடிஞ்ச பழைய மருந்து. 330 பேர் ஆய்வுக்குப் பணம் கொட்டி, அப்புறம் மாத்திரையை ஒரு ரூபாய்க்கும் ரெண்டு ரூபாய்க்கும் விக்க எந்தக் கம்பெனி வரும்? பிரிட்டன்ல நன்கொடை அமைப்புங்கதான் தோள் கொடுக்கிறாங்க. மருந்தைச் செய்யறது நம்ம நாட்டுல. நோயாளிங்க நம்ம நாட்டுல. ஜோகுபாளையத்துல இருந்து ஒரு ஆட்டோ தூரத்துல நிம்ஹான்ஸ் இருக்கு, 1995-ல இருந்து மூளை வங்கியே நடத்தற இடம். ஜி.பி.ஏ.1 கோளாறு மேல்நாட்டுக் கணக்குல பார்கின்சன்ஸ்காரங்க நூறுல அஞ்சுல இருந்து பதினஞ்சு பேருக்கு. அவங்களுக்கு மறதியும் சீக்கிரமே வருது. நம்ம ஆளுங்கள்ல யாருக்கு அது இருக்குன்னு பார்த்து, சுத்தமான அம்ப்ராக்சாலை சரியான டோஸ்ல, தமிழ்லயும் கன்னடத்துலயும் கேள்வி கேட்டு, ரெண்டு வருஷம் பார்க்கிற ஒரு ஆய்வு இங்க ஏன் நடக்கக் கூடாது? அரசாங்கம்தான் பணம் போடணும்ங்கிறது என் கட்சி. ஆனா பொங்கல் விழாவுக்குப் பாட்டுக்காரங்களை பிசினஸ் கிளாஸ்ல கூட்டிக்கிட்டு வர்ற நம்ம சங்கங்களும் வருஷத்துக்கு ஒரு பாட்டுக்காரரைக் குறைச்சுக்கலாம். (இதுக்கு எனக்கு அடி விழும்னு தெரியும்.)

அப்பாவுக்கு ஜி.பி.ஏ.1 பரிசோதனை செய்யலாமான்னு டாக்டரைக் கேட்டிருக்கோம். அதுல இருக்குன்னு வந்தா எனக்கும் தம்பிக்கும்கூட ஒரு கேள்வி வரும். அதையும் யோசிச்சுத்தான் கேட்டோம். அம்ப்ராக்சால் பத்தியும் கேட்டேன். "ஆய்வு முடியட்டும், நான் சொல்றேன்"னாங்க. இந்தத் தடவை சரின்னுட்டேன்.

ஜூலையில ஊருக்குப் போறேன். அம்மா இப்பவே கேட்டாச்சு, என்ன வாங்கிட்டு வர்றேன்னு. பத்தொன்பது பதினொண்ணு ஆன மருந்துப் பைக்கு நாள் வாரியா மூடி போட்ட ஒரு மாத்திரை டப்பா வாங்கி வெச்சிருக்கேன். மூடி மேல கிழமையெல்லாம் தமிழ்ல எழுதி ஒட்டணும். பையன்தான் எழுதறேன்னு உட்கார்ந்திருக்கான். வியாழனுக்கு எந்த ழன்னு இப்போதான் கேட்டுட்டுப் போறான்.